31 தடைகளும் காலை ஐந்தரை மணிக் காபியும்

சோதனைக் குழாய் சிகிச்சையில் முதல் முறை கரு தங்காமல் போனதற்கு என்னிடம் வந்த ஒரு பெண் சொன்ன காரணம் ஒரு கிண்ணம் பழக்கலவை. கருவை உள்ளே வைத்த ஒன்பதாம் நாள் நெருங்கிய உறவில் ஒரு திருமணம். போகாமல் இருக்க முடியவில்லை. பந்தியில் கடைசியாக வந்த கிண்ணத்தில் நாலைந்து பப்பாளித் துண்டுகள் கிடந்ததை இரண்டு வாய் சாப்பிட்ட பிறகுதான் கவனித்திருக்கிறார். ஐந்து நாள் கழித்து எடுத்த இரத்தப் பரிசோதனையில் கரு தங்கவில்லை என்று வந்தது. அந்த இரண்டு வாய்ப் பழத்தைப் பற்றிப் பத்து மாதமாக யாரிடமும் அவர் வாய் திறக்கவில்லை. என்னிடம் சொன்னபோது குரல் கம்மிவிட்டது.

கொங்குப் பகுதியில் குழந்தைப்பேறு சிகிச்சை மையம் ஒன்றில் உணவியல் ஆலோசகராக இருக்கிறேன். இந்தத் தம்பதியின் சம்மதத்தோடு, அவர்கள் யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றி இதை எழுதுகிறேன். மனைவிக்கு வயது 33, பள்ளி ஆசிரியை. கணவருக்கு 37, திருப்பூர்ப் பக்கம் சாயப்பட்டறை ஒன்றில் மேற்பார்வையாளர். திருமணமாகி ஏழு ஆண்டுகள். வேறொரு மருத்துவமனையில் ஒருமுறை சோதனைக் குழாய் சிகிச்சை செய்து தோற்று, இரண்டாம் முயற்சிக்கு எங்களிடம் வந்திருந்தார்கள்.

பையிலிருந்து ஒரு பள்ளி டைரியை எடுத்து மேசைமேல் வைத்தார். சிவப்பு மையில் 31 பெயர்கள். பப்பாளி, அன்னாசி, எள், கருப்பட்டி, முருங்கைக்கீரை, கத்தரிக்காய், முட்டை, மீன், கோழி, மாம்பழம், பலாப்பழம், வேர்க்கடலை, பெருஞ்சீரகம் என்று போயிற்று. மாமியார் சொன்னவை, பக்கத்து வீட்டில் சொன்னவை, கைப்பேசியில் வந்த காணொளிகள் சொன்னவை என மூன்றும் கலந்த பட்டியல் அது. பெரும்பாலானவற்றுக்கு எதிரே ஒரே காரணம்: சூடு.

மாமியாரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. முதல் முறை அவரும் கூடவே வந்தார். மருமகளை ‘அம்மணி’ என்றுதான் கூப்பிடுகிறார், அவருக்கென்று தனியாகச் சமைக்கிறார். தெரிந்ததையெல்லாம் செய்து காப்பாற்றிவிட வேண்டும் என்கிற தவிப்பில் பிறந்த பட்டியல் அது. ஆனால் அதன் விளைவு எடைக்கருவியில் தெரிந்தது. 158 செ.மீ. உயரத்துக்கு 51 கிலோ இருந்தவர் 46 கிலோவுக்கு இறங்கியிருந்தார். உடல் நிறை குறியீடு 18.4, இயல்புக்குக் கீழே. ஹீமோகுளோபினும் குறைவு, 9.6. முட்டையும் இல்லை, மீனும் இல்லை, கீரையில் பாதி இல்லை, கடலை இல்லை. மிஞ்சியது வெள்ளைச் சோறு, ரசம், பீன்ஸ் பொரியல், தயிர். புரதம் எங்கிருந்து வரும்?

பப்பாளி

அவர் கேட்க வந்ததே இதைத்தான் என்பதால் முதலில் இதற்கே பதில் சொன்னேன். பப்பாளிக் காயைக் கீறினால் வடியும் வெள்ளைப் பாலில் பப்பாயின் முதலிய நொதிகள் இருக்கின்றன. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் அடைக்கன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் எலிகளை வைத்துச் செய்த ஆய்வு 2002-இல் வெளிவந்தது. தனியே எடுத்த எலியின் கருப்பையில் காயின் பால் பட்டதும் அது வலுவாகச் சுருங்கியது. பழுத்த பப்பாளிச் சாறு அப்படி எதையும் செய்யவில்லை. பழுக்கப் பழுக்க அந்தப் பால் குறைந்துகொண்டே வரும். ஆகவே காயையும் அரைப்பழத்தையும் தவிர்க்கச் சொல்வதில் நியாயம் உண்டு. நன்கு பழுத்த பழத்தின் இரண்டு துண்டுகள் ஒரு கருவைக் கலைத்துவிடும் என்பதற்கு ஆதாரம் இல்லை. நம் பாட்டிமார் சொன்னதில் ஒரு உண்மை இருந்தது. காய்க்குச் சொன்னது நாளடைவில் பழத்துக்கும் ஏறிவிட்டது.

இன்னொன்றும் சொன்னேன். அவர் பள்ளி இடைவேளையில் வழக்கமாகச் சாப்பிடும் பேக்கரி பன்னில் சிவப்பும் பச்சையுமாக இருக்கும் டூட்டி ஃபுரூட்டி பப்பாளிக் காயில் செய்ததுதான். வேகவைத்து, சர்க்கரைப் பாகில் ஊறவைத்த பிறகு அதில் அஞ்ச ஒன்றுமில்லை. இதைக் கேட்டு அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “அப்படியானால் அது என்னால் இல்லையா?” என்று கேட்டார். இல்லை என்றேன். வைத்த கரு தங்காமல் போவதற்கு மிகப் பெரிய காரணம் கருவின் குரோமோசோம் கோளாறு. கருமுட்டையும் விந்தணுவும் சேரும் காலத்திலேயே முடிந்துவிடுகிற காரியம் அது. கல்யாணப் பந்தி அதற்குள் நுழைய முடியாது.

எள்ளும் கருப்பட்டியும் சமையல் அளவில் பட்டியலில் இருக்கத் தேவையே இல்லை. அன்னாசிக்கு இரண்டு எதிரெதிர்க் கட்சிகள்: நம் ஊரில் கலைத்துவிடும் என்பார்கள், வெளிநாட்டில் கரு ஒட்டுவதற்கென்று அதன் நடுத்தண்டைத் தேடித் தின்கிறார்கள். இரண்டுக்கும் சான்று கிடையாது.

தைராய்டு மாத்திரை

ஏழு நாள் உணவுக் குறிப்பு எழுதி வரச் சொல்வது என் வழக்கம். என்ன சாப்பிட்டார் என்பதோடு எத்தனை மணிக்கு, எதனுடன் சேர்த்து என்றும் எழுத வேண்டும். ஏழு நாளும் முதல் வரி ஒன்றுதான்: காலை 5.30, மாத்திரைகள், ஃபில்டர் காபி.

மாத்திரைகள் எவை என்று கேட்டேன். தைராய்டு குறைபாட்டுக்கான தைராக்சின் 75 மைக்ரோகிராம், இரும்புச்சத்து மாத்திரை, ஃபோலிக் அமிலம். மூன்றையும் உள்ளங்கையில் வைத்து, கையிலிருக்கும் காபியைக் குடித்தே விழுங்கிவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவார். நாலு வருடமாக இப்படித்தான். ஒரு நாள்கூட விட்டதில்லை என்று சொன்னார், அதில் அவருக்கு ஒரு பெருமிதம் இருந்தது. தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.ஹெச். (தைராய்டு குறைந்தால் இது ஏறும்) அவருக்கு 6.1. தைராய்டு குறைபாட்டுக்கு மாத்திரை எடுக்கும் பெண்களுக்கு இந்தச் சிகிச்சை தொடங்கும் முன் அதை 2.5-க்குக் கீழே கொண்டுவர வேண்டும் என்பது அமெரிக்கத் தைராய்டு சங்கத்தின் 2017 வழிகாட்டுதல். நாள் தவறாமல் மருந்து சாப்பிட்டும் அளவு இறங்காததற்குக் காரணம் அந்த முதல் வரியில் இருந்தது.

தைராக்சின் வெறும் வயிற்றில் வெறும் தண்ணீரோடு போக வேண்டிய மாத்திரை. காபி அது குடலில் உறிஞ்சப்படுவதைக் குறைக்கிறது. இரும்பு இன்னும் மோசம். தைராக்சினோடு பிணைந்துகொண்டு இரண்டும் உடலில் சேராமல் வெளியேறும். போதாததற்குக் காபி இரும்பையும் உறிஞ்சவிடாது. ஒரே வாயில் மூன்றும் போய், ஒன்றையொன்று தடுத்துக்கொண்டு கிடந்தன. ஹீமோகுளோபின் ஏறாததற்கும் இதில் பங்குண்டு.

சாதாரண நாளில் இது சோர்வோடு போய்விடும். சிகிச்சைக் காலத்தில் அப்படி இல்லை. கருமுட்டை வளர்க்கும் ஊசிகள் ஈஸ்ட்ரோஜனைப் பல மடங்கு உயர்த்தும். அது தைராய்டு ஹார்மோனைப் பிடித்து வைத்துக்கொள்ளும் புரதத்தை இரத்தத்தில் கூட்டும். அதாவது, உடலுக்கு ஹார்மோன் அதிகம் வேண்டியிருக்கும் நேரம் பார்த்து இருப்பு குறையும். கரு தங்கிவிட்டாலும் முதல் மூன்று மாதம் அது தாயின் தைராய்டு ஹார்மோனையே நம்பி வளர்கிறது.

மருத்துவர் மாத்திரையின் அளவைக் கூட்டவில்லை, நேரத்தைத்தான் மாற்றினார். ஐந்து மணிக்குத் தண்ணீரோடு தைராக்சின். ஒரு மணி நேரம் கழித்து ஆறு மணிக்குக் காபி. இரும்பு மாத்திரை இரவில், எலுமிச்சை பிழிந்த தண்ணீரோடு. ஏழு வாரம் கழித்து அதே 75 மைக்ரோகிராமில் டி.எஸ்.ஹெச். 2.1 ஆகியிருந்தது.

முந்தைய மருத்துவமனையில் அவருக்கு நாலு முறை தைராய்டு பரிசோதனை எடுத்திருக்கிறார்கள். மாத்திரையை எப்படி விழுங்குகிறீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. இந்த ஒரு கேள்வி கேட்க அரை நிமிடம் ஆகுமா? எனக்கு இன்றும் ஆறவில்லை.

காபியை அடியோடு விட வேண்டுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். 1988-இல் அமெரிக்காவில் ஆலன் வில்காக்ஸ் குழு 104 பெண்களைக் கவனித்து, நாளுக்கு ஒரு குவளைக் காபிக்கு மேல் காஃபின் எடுத்தவர்களுக்குக் கரு உண்டாகும் வாய்ப்பு பாதியாக இருந்தது என்று எழுதியதிலிருந்து இந்தப் பயம் தொடங்கியது. பின்னால் வந்தவை அவ்வளவு கடுமையாக இல்லை. சோதனைக் குழாய் சிகிச்சைக்கு வந்த ஏறத்தாழ நாலாயிரம் பெண்களை வைத்து டென்மார்க்கில் செய்து 2012-இல் சொன்ன ஆய்வில், ஐந்து குவளையோ அதற்கு மேலோ குடித்தவர்களுக்குத்தான் வாய்ப்பு சரிந்தது. அதற்குக் குறைவாகக் குடித்தவர்களிடம் வேறுபாடு தெரியவில்லை. ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024 வழிகாட்டி, 150 மி.லி. வடித்த காபியில் 80 முதல் 120 மி.கி. காஃபின் இருக்கும் என்றும், நாளுக்கு 300 மி.கி.யைத் தாண்ட வேண்டாம் என்றும் சொல்கிறது. கர்ப்பத்துக்கு ஐரோப்பிய நிறுவனங்கள் வைத்திருக்கும் வரம்பு 200. சிகிச்சையில் இருப்பவருக்கு நான் 200 என்றே சொல்கிறேன். இவர் வீட்டில் இரண்டு காபி, பள்ளியில் இரண்டு டீ குடித்துக்கொண்டிருந்தார். காலைக் காபியையும் மாலை ஒரு டீயையும் வைத்துக்கொண்டோம். சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் இரண்டும் கூடாது.

ஜாடியில் இருந்தது

உணவுக் குறிப்பில் எழுதாத ஒன்று மூன்றாவது சந்திப்பில் வெளியே வந்தது. இரவு படுக்கப் போகும்முன் ஒரு நெல்லிக்காய் அளவு லேகியம். ‘கருப்பை பலப்படும்’ என்று தெரிந்தவர் ஒருவர் கொடுத்தது. ஜாடியில் பெயரும் இல்லை, என்ன சேர்த்தது என்ற குறிப்பும் இல்லை. மருந்து என்றும் அவருக்குத் தோன்றவில்லை, உணவு என்றும் தோன்றவில்லை. எனவே எந்தப் பத்தியிலும் எழுதவில்லை.

31 தடைகளில் இல்லாத இதுதான் என்னை உண்மையில் அச்சப்படுத்தியது. இணையத்தில் விற்ற 193 ஆயுர்வேதத் தயாரிப்புகளைச் சோதித்து 2008-இல் வந்த ஆய்வில், ஐந்தில் ஒன்றில் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது. இந்தியாவிலிருந்து போன இத்தகைய மருந்துகளைச் சாப்பிட்ட ஆறு கர்ப்பிணிகளுக்கு ஈய நஞ்சு ஏறியதை நியூயார்க் நகரச் சுகாதாரத் துறை கண்டுபிடித்தது. அது 2012-இல் பதிவாகியிருக்கிறது. ஈயம் எலும்பில் போய் உட்கார்ந்துகொள்ளும். கர்ப்பத்தில் எலும்பிலிருந்து கால்சியம் கரையும்போது அதுவும் கூடவே இரத்தத்துக்கு வந்து கருவுக்குப் போகும். பதிவுபெற்ற சித்த, ஆயுர்வேத மருத்துவரிடம் போவதை நான் தடுப்பதில்லை. ஆனால் சாப்பிடுவது எதுவென்று இரண்டு மருத்துவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். பெயரில்லாத ஜாடி எதுவாக இருந்தாலும் அன்றே நிறுத்த வேண்டும். இவர் நிறுத்தினார். இரத்தத்தில் ஈய அளவு பார்த்தோம். நல்லவேளையாக அச்சப்படும்படி இல்லை.

முடி உதிர்வுக்கென்று விற்கும் பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரைகளையும் இதே வரிசையில் வைக்கிறேன். அதிக அளவு பயோட்டின் சில ஆய்வகக் கருவிகளில் ஹார்மோன் முடிவுகளையே பொய்யாக்கிவிடும். இரத்தம் கொடுக்கும் முன் அதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

கணவரின் பக்கம்

நான்காம் சந்திப்புக்குத்தான் கணவரை உள்ளே அழைத்தேன். அதற்கு முன்பே அழைத்திருக்க வேண்டும். எங்கள் உணவுப் படிவத்திலும் அப்போது கணவருக்கென்று ஒரு வரிகூட இல்லை. மூன்று முறையும் அவர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். “எனக்கு எதற்குங்க உணவுக் கட்டுப்பாடு?” என்று உண்மையாகவே வியந்து கேட்டார்.

அவருடைய விந்தணு எண்ணிக்கை மில்லிலிட்டருக்கு 1.1 கோடி. உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கையேடு கீழெல்லையாகச் சொல்வது 1.6 கோடி. முன்னோக்கி நீந்துபவை 24 விழுக்காடு, கீழெல்லை 30. வீட்டில் தடைப் பட்டியல் எழுதியபோது இந்த அறிக்கை அதே அலமாரியில்தான் இருந்திருக்கிறது. இருந்தும் 31 தடைகளும் மனைவிக்கு.

அவருடைய ஒரு வாரம் இப்படி: ஏற்றுமதிக்கு நாள் நெருங்கினால் இரவு வேலை. அப்போது இரண்டு, சில நாள் மூன்று பாட்டில் ஆற்றல் பானம். பகலில் டீக்கு மூன்று கரண்டி சர்க்கரை, கூடவே ஒரு குளிர்பானம். சனிக்கிழமை சம்பளம் வாங்கியதும் நண்பர்களோடு மது, ஞாயிறும் தொடரும். இரவுச் சாப்பாடு பெரும்பாலும் தள்ளுவண்டிப் பொரிப்புகள்.

ஆற்றல் பானப் பாட்டிலை எடுத்து வரச் சொல்லி அதன் பொடி எழுத்தை அவரையே படிக்க வைத்தேன். கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் ஏற்றதல்ல என்று அதில் இருக்கிறது. நம் உணவுப் பாதுகாப்பு ஆணையம் போடச் சொன்ன எச்சரிக்கை அது. ஆண்களைப் பற்றி அதில் எதுவும் இல்லை. ஆனால் பாஸ்டன் பல்கலைக்கழகக் குழு 2018-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. இயற்கையாகக் குழந்தைக்கு முயலும் தம்பதிகளைத் தொடர்ந்து கவனித்ததில், நாளுக்கு ஒரு சர்க்கரைக் குளிர்பானமாவது குடித்த பெண்களுக்கு மாதந்தோறும் கரு உண்டாகும் வாய்ப்பு 25 விழுக்காடு குறைவு. ஆண்கள் குடித்தால் 33 விழுக்காடு குறைவு. குளிர்பானம்தான் காரணம் என்று இது நிறுவிவிடவில்லை. அந்தப் பழக்கத்தோடு வேறு பழக்கங்களும் சேர்ந்தே வரலாம். ஆனாலும் விட்டுவிடுவதில் இழப்பில்லாத ஒன்றை விட இந்தச் சான்று போதும்.

மது விஷயத்தில் நான் பேரம் பேசுவதில்லை. சோதனைக் குழாய் சிகிச்சை பெற்ற 2,545 அமெரிக்கத் தம்பதிகளை ஆராய்ந்து 2011-இல் எழுதினார்கள். வாரம் நாலு கிளாஸோ அதற்கு மேலோ குடித்த பெண்களுக்குக் குழந்தை பிறக்கும் வாய்ப்பு 16 விழுக்காடும், இருவருமே அப்படிக் குடித்தால் 21 விழுக்காடும் குறைந்திருந்தது. நம் பக்கம் இந்தக் கணக்கில் பெரும்பாலும் ஆண்தான் வருகிறார். அவரிடம் நான் சொன்னது ஒரு நாள்கணக்கு. ஒரு விந்தணு உருவாகி முதிர்ந்து வெளிவர ஏறத்தாழ மூன்று மாதம் ஆகிறது. கருமுட்டை எடுக்கும் வாரம் மட்டும் குடிக்காமல் இருந்து பயனில்லை. அன்று கொடுக்கப்போகும் அணுக்கள் இன்றைக்கு உருவாகத் தொடங்கிவிட்டன. அந்த வாக்கியம் அவருக்குள் எங்கோ போய்ப் பட்டிருக்க வேண்டும். சனிக்கிழமை நேராக வீட்டுக்கு வர ஆரம்பித்தார். சாயப்பட்டறையின் கொதிகலன் பக்கத்து வேலையையும் கேட்டு மாற்றிக்கொண்டார்; வெப்பமும் விந்தணுவுக்குக் கெடுதிதான். பதினான்கு வாரம் கழித்து எண்ணிக்கை 1.9 கோடி, நீந்துபவை 34 விழுக்காடு. எது எவ்வளவு உதவியது என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது.

புதிய பட்டியல்

டைரியில் அதே பக்கத்தின் மறுபுறம் நாங்கள் எழுதிய தடைகள் இரண்டு கைவிரல் எண்ணிக்கைக்குள் அடங்கின. இருவருக்கும் மது, ஆற்றல் பானம், சர்க்கரைக் குளிர்பானம். பெயரில்லாத மருந்துகள். சுறா, மயில் மீன் போன்ற பெரிய வேட்டை மீன்கள், ஏனென்றால் சிறுமீனைத் தின்று வளரும் அவற்றில் பாதரசம் சேர்ந்திருக்கும். பிள்ளை பெற்றவளுக்குச் சுறாப்புட்டு கொடுத்து வளர்ந்த ஊர்க்காரர்களுக்கு இது கசக்கும், தெரியும். மத்தியும் நெத்திலியும் தாராளமாகச் சாப்பிடலாம். கடைசியாக, சரியாக வேகாத முட்டையும் இறைச்சியும், வெட்டித் திறந்து வைத்த பழங்களும், காய்ச்சாத பாலும். பச்சை முட்டை மயோனைஸைத் தமிழக அரசு 2025 ஏப்ரலில் ஓராண்டுக்குத் தடை செய்ததற்குக் காரணமான அதே சால்மோனெல்லா கிருமி, ஊசி போட்டுக்கொண்டிருக்கும் பத்துப் பன்னிரண்டு நாளுக்குள் வந்தால் காய்ச்சலும் வயிற்றுப்போக்குமாக அந்தச் சிகிச்சைச் சுற்றே வீணாகும்.

மற்றபடி முட்டை, முருங்கைக்கீரை, கடலை எல்லாம் வீட்டுக்குள் திரும்ப வந்தன. மாமியாரை உட்கார வைத்து இதை விளக்கியபோது அவர் ஒன்றுதான் கேட்டார்: “இத்தனை நாள் அம்மணியைப் பட்டினி போட்டுவிட்டேனா?” அவர் கையைப் பிடித்துக்கொண்டு, இனி நிறைய ஆக்கிப் போடுங்கள் என்றேன். மூன்று மாதத்தில் எடை 49 கிலோவாகவும் ஹீமோகுளோபின் 11.4 ஆகவும் ஏறின.

கருமுட்டை எடுக்கும் நாளன்று மட்டும் ஒரு சிக்கல். மயக்க மருந்துக்கு ஆறு மணி நேரம் வயிறு காலியாக இருக்க வேண்டும். தெம்பாக இருக்கட்டும் என்று விடியற்காலையில் ஒரு டம்ளர் பால் நீட்டப்பட்டது. கணவர்தான் தடுத்தார். பால் திட உணவின் கணக்கில் சேரும் என்பதைப் பல வீடுகளில் மறந்துவிடுகிறார்கள். மயக்கத்தில் வாந்தி நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து.

எட்டு கருமுட்டைகள் கிடைத்தன. ஐந்தாம் நாள் மூன்று கருக்கள். ஒன்றை வைத்தார்கள், இரண்டை உறைநிலையில் சேமித்தார்கள். பதினான்காம் நாள் பரிசோதனை: தங்கவில்லை.

அன்று மாலை வீட்டில் நடந்ததைக் கணவர் பிறகு சொன்னார். மாமியார் அழுதுகொண்டே, அம்மணி இடையில் ஏதாவது சாப்பிட்டாளா என்று கேட்டிருக்கிறார். “அவள் என்ன சாப்பிட்டாள் என்று இனி யாரும் கேட்காதீர்கள் அம்மா. நான் என்ன குடித்தேன் என்று ஏழு வருடமாக நீங்கள் ஒருமுறைகூடக் கேட்கவில்லை” என்றாராம். சொல்லும்போது அவர் கண் கலங்கியிருந்தது.

இரண்டு மாதம் கழித்து உறைநிலையில் இருந்த இரண்டாவது கருவை வைத்தார்கள். அது தங்கியது. முதல் கருவை வைத்தபோதும் இரண்டாவதை வைத்தபோதும் சமையலறை அதேதான், சாப்பாடும் அதேதான், காபி நேரமும் அதேதான். ஒன்று தங்கவில்லை, ஒன்று தங்கியது. உணவால் கிடைத்த குழந்தை என்று என் முன்னாலேயே யாரோ சொன்னபோது நான் அதை மறுத்தேன்.

இப்போது அவருக்கு 19 வாரம். கர்ப்பத்தில் தேவை கூடியதால் தைராக்சின் 100 மைக்ரோகிராம் ஆகியிருக்கிறது. ஐந்து மணிக்குக் கணவர் எழுந்து தண்ணீரும் மாத்திரையும் கொடுக்கிறார். ஆறு மணிக்குக் காபி போடுவதும் அவர்தான்.